வாய் உப்பிய கெளுத்தி

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் சுகமா? கிறுக்கலைப் பார்த்துப் பயப்படாதே, இடக்கையால் எழுதுகிறேன். நேற்று கழிமுகத்தில் வலையைப் பிரிக்கும்போது ஒரு கடல் கெளுத்தி வாய் உப்பிக் கிடந்தது. பெரிய டாக்டர் மாதிரி வாயைப் பிளந்து பார்த்தேன். உள்ளே கோலிக்குண்டு போல முட்டைகள்!

"யோவ், அது அப்பன் மீன்யா! குஞ்சு வெளிய போற வரைக்கும் பட்டினி கெடக்கும். விட்டுடு!" என்று கத்தினார் படகுக்காரர். தண்ணீரில் விடும்போது முள்ளால் என் கட்டைவிரலைக் குத்திவிட்டுப் போனது. வீக்கம் வடிகிறது.

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். அவ்வளவு நல்ல அப்பன் இல்லை.

பாப்பா பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு. செருப்புக் கடையில் அளவு கேட்டார்கள். என் உள்ளங்கையைக் காட்டினேன். நான் ஊரை விட்டு வந்து இரண்டு வருடமாகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

படகு கிளம்புகிறது.

பாப்பா அப்பா