நாளைக்கும் சேர்த்துக் கை கழுவியவளுக்கு

என் அருமை நாத்தனார் செல்விக்கு,

நீ எங்களை விட்டுக் கண் மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. நல்ல சேதி என்றால் இன்னும் உன்னைத்தான் முதலில் தேடுகிறேன். நம் மலை ஆஸ்பத்திரியில் நோய்த்தொற்றைத் தடுக்கிற வேலைக்கு மட்டும் தனியாக ஒரு நர்ஸைப் போட்டுவிட்டார்கள். அது நான்தான்! சிரிக்காதே.

உனக்கு அது பிரசவ வார்டோடு தலையில் கட்டிய வேலை. கை கழுவும் பதிவேட்டை மறுநாளுக்கும் சேர்த்து நிரப்பி நீ மாட்டிக்கொண்டது இன்றும் இங்கே பேச்சுதான். சோதனைக்கு வந்த அதிகாரியிடம், "நாளைக்கு எழுத நேரமிருக்காதுங்க, அதான்" என்றாயே! சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் அந்த மனுஷர் நின்றார்.

இப்போது நான் குழாயடியிலேயே நின்று பார்த்துத்தான் பதிவேட்டை எழுதுகிறேன். குழந்தை பார்க்க அரியூர் நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து ஒரு ஜீப் நிறைய வந்தவர்கள்கூட வரிசையாகக் கை கழுவினார்கள். முன்பு பேருக்கு இருந்த நோய்த்தொற்றுத் தடுப்புக் கமிட்டி மாதாமாதம் கூடுகிறது. துப்புரவு வேலை பார்க்கும் பழனியம்மாவுக்கும் அதில் ஒரு நாற்காலி உண்டு.

போன மாதக் கூட்டத்தில் எல்லாம் போகப் பார்த்தது. இரண்டு நர்ஸுகள் ஒரே நேரத்தில் லீவு போட, டாக்டர் என் பெயரை வார்டு டியூட்டியில் எழுதிவிட்டார். ஒரு முறை வார்டுக்குப் போனால் இந்த வேலைக்குத் திரும்பி வருவது ஏது? தெரிந்தும் நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். பழனியம்மா விடவில்லை.

"ஏனுங்க டாக்டர், கக்கூசுக்கு ஒரு துணி, பிரசவ ரூமுக்கு ஒரு துணின்னு இப்பத்தானுங்க பிரிச்சிருக்கு. இந்தக் கண்ணு வார்டுக்குப் போயிட்டா அதை ஆருங்க பாப்பாங்க? பழையபடி ஒரே துணின்னா நான் தொடைக்க மாட்டேனுங்க."

டாக்டர் என் பெயரைக் கோடு போட்டு அடித்தார். மறுநாளே அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு நர்ஸ் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஒன்றுதான் உறுத்துகிறது செல்வி. "இது தனி ஆள் பாக்குற வேலைங்க" என்று டாக்டரிடம் நீ வாதாடிய போதெல்லாம், மேசைக்கு அடியில் உன் காலை மிதித்து அடக்கியவள் நான்தானே? அன்று நானும் ஒரு வார்த்தை பேசியிருந்தால், நீ இருந்தபோதே இந்த வேலையில் உட்கார்ந்திருப்பாயோ?

அடுத்த தடவை யாராவது என்னை வார்டுக்கு எழுதினால், பழனியம்மாவுக்கு முன்னால் நான் பேசுவேன். யார் என் காலை மிதித்தாலும் நிறுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
வாய் திறக்கப் பழகிக்கொண்டிருக்கும் உன் அண்ணி