பங்களா ரோட்டில் ஓட்டிப் பார்த்த கார்

அண்ணே,

இன்று காலை காரைப் பார்க்க ஒருவர் வந்தார். பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், "லெதர் இன்னும் புதுசு வாசம் அடிக்குதே மெடம், பின்னால யாருமே ஒக்காரலையா?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! விற்கிற எண்ணமில்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லி அனுப்பிவிட்டேன். பத்திரிகையில் விளம்பரம் போட்டவளே நான்தான். பாவம், அந்த மனிதர் குழம்பிப்போய்ப் படியிறங்கினார்.

டொக்டர்மாருக்கு வரிச்சலுகையில் கார் வாங்கும் பெர்மிட் எனக்குக் கிடைத்ததும் முதலில் உங்களிடம்தானே ஓடிவந்தேன். தோட்டத்துத் துரையின் காரை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் நீங்கள். முதல் மாரடைப்புக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கண்டித்து உங்களை லயத்துக் காம்பராவுக்குள் உட்கார வைத்தவள் நான். தலவாக்கலையில் என் ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸுக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! அண்ணி தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் கையை விட்டுப் போய்விடும் என்றீர்கள்.

அதனால்தான் கார். தினமும் டியூட்டிக்குப் போக என்று ஊருக்குச் சொன்னேன். உள்ளுக்குள் இருந்தது ஒரே கணக்குத்தான். இன்னொரு முறை உங்களுக்கு நெஞ்சு வலித்தால், நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மாவைப் போல ஆகிவிடக் கூடாது. அம்மாவைக் கொழுந்து லொறியில், மூட்டைகளின் மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனபோது நான் பள்ளிக்கூடச் சீருடையில் பக்கத்தில் இருந்தேன். குலுங்கும் போதெல்லாம் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் பிடி தளர்ந்துவிட்டது.

நுவரெலியாவில் கார் விற்கிற ஒரு கார் சேலில் இரண்டைப் பார்த்து வைத்தோம். வெள்ளி நிறத்தில் ஒரு ஜப்பான் கார், கருநீலத்தில் ஒரு ஜெர்மன் கார். இரண்டும் அடக்கமானவை, இரண்டும் சொகுசு. மூன்று வாரம் என் மண்டை காய்ந்தது. ஜப்பான் காருக்கு ஹட்டனிலேயே உதிரிச் சாமான் கிடைக்கும் என்பீர்கள். மறுநாள், ஜெர்மன்காரன் ஏற்றத்தில் மூச்சு வாங்கமாட்டான் என்பீர்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர், தோட்டத்துப் பக்கம் போகிறவள் ஜீப் வாங்கினால் என்ன என்று கேட்டதைச் சொன்னதும் உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எதுக்கு ஜீப்பு? மூட்டை ஏத்தவா? லொறியிலயே போயி லொறியிலயே செத்த சனம் நாங்க. நீயாச்சும் காருல போ பாப்பா!"

எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நம் தோட்டம் வரை ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்டினேன். நீங்கள் பின்சீட்டில். "இத்தன வருஷத்துல இங்க ஒக்காந்து பாத்ததே இல்ல" என்று குழந்தை மாதிரிச் சிரித்தீர்கள். கார் சேல் ஆள் பதறப்பதற, செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலை மடக்கி நீட்டிப் படுத்தும் பார்த்தீர்கள். கருநீலத்தின் சீட் மெத்துமெத்தென்று உள்வாங்கியது. "இதுதான்! அம்மாவுக்கு இப்படி ஒண்ணு கெடச்சிருந்தா…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டீர்கள். அந்த இடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு காரையும் எங்கே கொண்டுபோய்த் திருப்பினோம், நினைவிருக்கிறதா? துரையின் பங்களா கேட்டில். தார் போட்ட ரோடு, இரண்டு பக்கமும் பூ. அங்கே நின்று பார்த்தால் பள்ளத்துக்கு அப்பால் நம் லயத்தின் தகரக் கூரை தெரியும். இருவரும்தான் பார்த்தோம். லயத்து ரோட்டில் போய் ஓட்டிப் பார்ப்போமே என்று உங்களுக்கும் தோன்றவில்லை, இத்தனை படித்த எனக்கும் தோன்றவில்லை. கார் என்றால் பங்களாவுக்குப் போவது. லயத்துக்குப் போக நமக்குக் கால் இருக்கிறது. பிறந்ததிலிருந்து புத்தியில் அப்படித்தான் ஊறியிருந்தது. கார் வாங்கிய பிறகும் ஞாயிறுதோறும் கீழே தேயிலை ஃபெக்டரியடியில் அதை நிறுத்திவிட்டு, மூச்சிரைக்க நடந்துதானே ஏறி வந்தேன்! அதை ஒரு குறையாகக்கூட நினைக்கவில்லை.

ஆனி மாத மழை. மத்தியானம் அண்ணி கணக்கப்பிள்ளையின் போனில் கூப்பிட்டார்.

"பாப்பா, ஒங்க அண்ணன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு, ஒடம்பெல்லாம் வேர்க்குது. கொழுந்து லொறி வாசல்லதான் நிக்குது, ஏத்திரவா?"

"வேணாம் அண்ணி! லொறி குலுங்கும். நான் குடுத்த மாத்திரையக் குடுத்துப் படுக்க வைங்க. நான் வாசலுக்கே கார் கொண்டுவர்றேன்."

நான் சொன்னேன், அண்ணே. என் வாயால் சொன்னேன்.

லயத்து ரோட்டில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய முதல் குறுக்குக் கானைக் கடந்துவிட்டேன். இரண்டாவதில் காரின் அடிவயிறு கல்லில் உட்கார்ந்துகொண்டது. சக்கரம் சேற்றை வாரியிறைத்ததே தவிர அசையவில்லை. ஹோர்னை அழுத்திக்கொண்டே அழுதேன். லொறி அதற்குள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குக்குப் போய்விட்டிருந்தது. நாலு பேர் காரைத் தூக்கித் திருப்ப, நாலு பேர் உங்களைக் கம்பளியில் கிடத்திச் சுமந்து வந்தார்கள். மழை உங்கள் முகத்தில் அடித்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தீர்கள்.

"பங்களா ரோட்டுலயே ஓட்டிப் பாத்துட்டமே பாப்பா."

பின்சீட்டில் அண்ணியின் மடியில் உங்கள் தலை. உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான். ஆனால் யார் ஓட்டுவது? அந்த நேரத்தில் அங்கே கார் ஓட்டத் தெரிந்த இரண்டே பேர் நாம்தான். ஒருவர் படுத்திருந்தார், ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். நாடியைப் பிடிக்க எனக்கு ஒரு கை மிச்சமில்லை. நீங்களோ அந்த நிலையிலும், "பிரேக்க மிதிக்காத, கியர்ல எறக்கு… அவசரப்படாத" என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அப்புறம் சொல்லவில்லை.

"பாப்பா, பேசமாட்டேங்குறாரு!" என்று அண்ணி அலறினார்.

நிறுத்தினேன். கதவைத் திறந்து உங்கள் நெஞ்சை அழுத்தினேன். சீட்தான் அமுங்கியது. எத்தனை பலமாக அழுத்தினாலும் அந்த மெத்தை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அண்ணியும் நானுமாக உங்களை ரோட்டில் இழுத்துக் கிடத்தினோம். அந்தத் தாரில் முழங்கால் தேயத் தேய என்னென்னவோ செய்தேன். படித்த எதுவும் உதவவில்லை. ஒரு பஸ் நின்றது. சனம் இறங்கி வந்து, கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

லொறியில் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். மற்ற டொக்டர்மார் எனக்கு ஆறுதலாக ஏதேதோ சொன்னார்கள். அண்ணி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்தாலாவது பதிலுக்கு அழலாம்.

இப்போது வார்டிலிருந்து நெஞ்சுவலிக்காரர் யாரை வீட்டுக்கு அனுப்பினாலும், மருந்து எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்காமல் என்னால் விடமுடிவதில்லை. போன வாரம் ஒரு அக்காவிடம் கேட்டேன்.

"ஒங்க லயத்துக்கு வாகனம் எதுவரைக்கும் வரும்?"

"கொழுந்து லொறி வாசலுக்கே வரும் டொக்டர்."

"வலி வந்தா அந்த லொறியிலயே ஏறிருங்க. யாரு என்னா சொன்னாலும் காருக்காகக் காத்திருக்காதீங்க."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்களுக்கு யாரு டொக்டர் கார் கொண்டுவரப் போறா?"