ஸான்ஸ் என்றால் மூச்சு

என் கப்பல்கார அண்ணனுக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதை எழுத வராது. கேப்டன் இறந்துவிட்டது. சாரங்கு மட்டும்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது.

இதைப் படிக்கிற மற்றவர்கள் பதற வேண்டாம். இரண்டும் நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீ வளர்த்த தங்கமீன்கள். தீவுக்குத் தீவு ஓடும் ஹட் பே கப்பலின் எஞ்சின் ரூமில் காலமெல்லாம் மேலேயிருந்து வந்த உத்தரவுக்குத் தலையாட்டியவன் நீ. வீட்டிலாவது ஒரு கேப்டனை அதட்டவேண்டும் என்றே அந்தப் பெயரை வைத்தாய். மற்றதற்கு, மாலுமிகளை மேய்க்கிற சாரங்கின் பெயர். “கேப்டன், மெதுவா சாப்பிடு. கப்பல் இப்போ கிளம்பாது” என்று நீ அதட்டும்போது நான் அடுப்படியில் தலையில் அடித்துக்கொள்வேன்.

மெயின்லேண்டிலிருந்து அதுகளைக் கொண்டுவந்தது ஞாபகமிருக்கிறதா? சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள், பங்க் கிளாஸ், ஒரு பிளாஸ்டிக் வாளி. காற்று பம்ப் மாட்ட இடமில்லை என்று டம்ளரில் தண்ணீரை மொண்டு, டீ ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தாய். எதிர் பங்க்கில் இருந்த பெங்காலி அம்மா, “பாய் ஸாப், சாய் கப் மிலேகா?” என்று கேட்டாளாமே, டீ எப்போது கிடைக்கும் என்று. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்திருப்போம்!

நீ போன மறுவாரம் அந்தக் காற்று பம்ப்பைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிப் பதினோரு நாளும் உன் தலைமாட்டில், ஆக்சிஜன் குழாயோடு இருந்த தண்ணீர் பாட்டில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்ததும் நர்ஸ் அதைத் திருகி நிறுத்தினாள். வீட்டுக்கு வந்தால் ஹாலில் அதே சத்தம். என்னால் தாங்க முடியவில்லை அண்ணே.

ஃபில்டர்தான் ஓடுகிறதே, அது போதும் என்று நினைத்தேன். மூன்று நாளைக்கு ஒரு முறை குழாயில் வருகிற தண்ணீரில், சமைத்துக் குளித்தது போக மீனுக்கு எவ்வளவு மாற்ற முடியும்? வெயில் ஏற ஏறத் தொட்டி மங்கியது. இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று தீனி போட்டேன். இன்னும் திறந்தன, இன்னும் போட்டேன். என்னை உனக்குத் தெரியாதா? யார் வாயைத் திறந்தாலும் சோறு போடுகிறவள். ஆஸ்பத்திரியில் நீ வாயைத் திறந்தபோதும் கஞ்சிக் கிண்ணத்தோடுதானே நின்றேன்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கேப்டன் மிதந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, சாரங்கைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு அபர்டீன் பஜாருக்கு, நீ தீனி வாங்குகிற பெங்காலி கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “பூக் நஹி திதி. இஸ்கா ஸான்ஸ் கம் ஹை.” பசி இல்லை அக்கா என்கிறார். கடை வாசலிலேயே அழுதுவிட்டேன்.

எதற்கு அழுதேன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்தியில் ஸான்ஸ் என்றால் மூச்சு. உன்னைச் சேர்த்த அன்று நர்ஸ் வந்து “ஸான்ஸ் கம் ஹை” என்றாள். இந்தத் தீவிலேயே பிறந்து, ஆபீஸில் முப்பது வருஷம் இந்தியில் குப்பை கொட்டிய எனக்கு, அந்த நேரம் பார்த்து ‘சான்ஸ் கம்மி’ என்று காதில் விழுந்தது. பிழைக்க சான்ஸ் கம்மியாம் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு அழுதேன். நீ மாஸ்க்கை விலக்கி, “ஏய் பாப்பா, சான்ஸ் இல்லடி, ஸான்ஸ். மூச்சு. எனக்கு சான்ஸெல்லாம் நெறைய இருக்கு” என்று சிரித்தாய். நான் கேட்ட உன் கடைசிச் சிரிப்பு அதுதான். ஆனால் என் காதில் விழுந்ததே பலித்துவிட்டதே, அது ஏன் அண்ணே?

கடைக்காரர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பழைய ஃபில்டரோடு கூட வைக்க ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்தார். அது காற்று பம்ப்பில்தான் ஓடுமாம். குமிழி மேலே போகும்போது தண்ணீரையும் இழுக்கும், அழுக்கு ஸ்பாஞ்சில் தங்கும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே, பிளீச்சிங் பவுடர் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழி என்றார். நீ அப்படித்தான் பிழிவாய். அழுக்கிலேயே அழுக்கைக் கழுவுகிறான் பார் என்று நான் சண்டை போடுவேன். நீதான் சரி, போ.

வீட்டுக்கு வந்து குழாய் பொருத்துகிற வரைகூடப் பொறுக்கவில்லை. டம்ளரை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஆற்றினேன். பிறகு பரணிலிருந்து உன் பம்ப்பை இறக்கி மாட்டினேன். ஸ்விட்ச்சைப் போட்டேன். அதே சத்தம். காதைப் பொத்திக்கொள்ளாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மரைன் ஹில்லில் நம் வீடுவரை கேட்கும்படி சாயங்காலக் கப்பல் ஒன்று சங்கு ஊதியது. அந்த நேரத்துக்குச் சாரங்கு கீழே இறங்கிக் கூழாங்கல்லைக் கொத்த ஆரம்பித்தது.

உன் தலைமாட்டில் அந்தச் சத்தம் நின்றபோது எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. இந்த வீட்டில் இனி அதை நிற்க விடமாட்டேன். கரண்ட் போனால் ஓடுவதற்கு பேட்டரி பம்ப் வாங்கி வைத்திருக்கிறேன். பேட்டரியும் தீர்ந்தால் டம்ளர் இருக்கிறது. இனிமேல் யார் வாயைத் திறந்தாலும், சோறு எடுக்கப் போகுமுன் மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பேன். இது சத்தியம் அண்ணே.

ஐம்பத்தாறு வயதில், பாப்பா என்று கூப்பிட ஆளில்லாத,
உன் பாப்பா