கீழே வீடு எதுவும் இல்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன், எவ்வளவு தூரம் நலம் என்று படித்துவிட்டு நீயே சொல். நீ அந்தக் குளிரில் காதை மூடாமல் திரியாதே. ஜெராக்ஸ் கடைப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் தங்கை மகன் மடியில் இருக்கிறான், தடுப்பூசி என்று பொய் சொல்லித் தூக்கி வந்தேன். கடைக்காரர் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, வேலையில் இருப்பாய். இதைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்கிறார்.

தோப்புக்குத் தண்ணீர் தேக்கும் நம் மண் அணைக்கு 'ஆபத்து குறைவு' என்று அரசாங்கம் கொடுத்த தாள் ஞாபகம் இருக்கிறதா? விண்ணப்பத்தை எழுதியதே நீதான். அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டி, தனக்கே பட்டம் கொடுத்த மாதிரி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். அதை நம்பித்தானே கரைக்கு நேர் கீழே உன் தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்தோம். போன வாரம் அணையைப் பார்வையிட இன்ஜினியர் அம்மா வருவதாகத் தகவல் வந்ததும், "கீழ குடியிருக்காங்கன்னு தெரிஞ்சா தண்ணிய இறக்கச் சொல்லிடுவாங்க, தோப்பு காஞ்சிடும்" என்று அப்பா தங்கை குடும்பத்தை ஒரு நாள் அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டை உரக் கிடங்கு என்று சொன்னார். கொடியில் மறந்து கிடந்த பேரன் துணியை உருவிப் பைக்குள் திணித்தது நான்தான், என்னை என்ன சொன்னாலும் தகும். அப்பா பெருமையாகத் தாளைக் காட்ட, அந்த அம்மா சொன்னார், "ஐயா, இது உங்க கரைக்குக் கொடுத்த மார்க் இல்ல. உடைஞ்சா கீழ யாராவது சாவாங்களான்னு பார்த்துப் போட்டது. கீழ ஆள் இல்ல, அதான் குறைவு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டேன். அவரும் பழையபடி 'ஆபத்து குறைவு' என்றே எழுதிக்கொண்டு போனார். கரையடியில் கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை பரவாயில்லை, கலங்கினால் உள்ளேயிருந்து மண் கரைகிறது, உடனே கூப்பிடுங்கள் என்று நம்பரும் கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கசிவுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சமையலறை ஜன்னலில் வைக்கிறேன். நான்கு நாள் பாட்டில் வழியே ஜன்னல் கம்பி தெரிந்தது. நேற்று அடியில் விரல் கனத்துக்கு வண்டல். இன்று கம்பியே தெரியவில்லை. மழையும் மூன்று நாளாக விடவில்லை. மதகைத் திறங்கள் என்றால், "எலி தோண்டியிருக்கும், சும்மா கிட" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் உன் அப்பா. அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா.

இங்கு வந்ததும் இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் செய்து, துணியை ஒளித்தது உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்றுதான் கேட்டார். மூன்று, குழந்தை இப்போது என் மடியில் என்றேன். உடனே மேலே வரச் சொல்லுங்கள், நான் கிளம்பிவிட்டேன் என்றார், வந்து சேர ஒரு மணி நேரம் ஆகுமாம். உன் தங்கையைக் கூப்பிட்டால், "அப்பாவே பயப்படல, உனக்கென்னம்மா. எங்க வீட்டுக்காரரு நைட் டூட்டி முடிச்சு இப்பதான் படுத்தாரு" என்று சிரிக்கிறாள். நீ சொன்னால் கேட்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் இனி என்ன ரகளை நடந்தாலும் நீ என் பக்கம் நில், எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பார்த்தவுடன் முதலில் தங்கைக்குப் பேசு, அப்பாவுக்குப் பிறகு பேசலாம். கூடத்தில் கண்ணாடிக்குள் தாளோடு சேர்ந்து உன் விண்ணப்பமும் இருக்கிறது, 'கீழே வீடு எதுவும் இல்லை' என்று உன் அழகான கையெழுத்தில். வரும்போது பார்த்தேன், தங்கை வீட்டுக் கொடியில் இவன் சட்டை இரண்டு மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை நான் எடுக்கவில்லை.

உன் அம்மா