துக்க நாளில் நடந்த வார்டு விசாரணை

அனுப்புநர்:
ச. பாரதி,
க/பெ. (காலஞ்சென்ற) சசிதரன்,
நடுத்தெரு, சங்குமேடு மீனவர் கிராமம்,
காரைக்கால்.

பெறுநர்:
உயர்திரு விசாரணை அலுவலர் அவர்கள்,
வார்டு எல்லை மறுவரையறை,
காரைக்கால்.

பொருள்: சங்குமேட்டை மூன்று வார்டுகளாகப் பிரித்தது – ஆட்சேபம் கேட்க மறுபடி ஒரு நாள் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதுவரை எங்கள் ஊர் முழுவதும் ஒரே வார்டாக இருந்தது. புதிய வரைபடத்தில் வடக்குத் தெரு தலத்தெருவோடும், தெற்குத் தெரு தருமபுரத்தோடும், எங்கள் நடுத்தெரு கடைவீதி வார்டோடும் சேர்க்கப்பட்டுள்ளன. ஒன்றாக இருந்தால் எங்களில் ஒருவரை உறுப்பினராக்கலாம். பிரிந்தால் எந்த வார்டிலும் நாங்கள் சிறு கூட்டம்தான். எங்கள் ஓட்டு யாருக்கு விழும் என்று தெரிந்தே கோடு போட்டிருக்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2. உறுப்பினர் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கிறது. உள்ளே வரும் படகை அலை தூக்கி அடிக்கிறது. தூர்வாரச் சொல்லி நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்க எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். வரைபடத்தின் மீது ஆட்சேபம் கேட்க தாங்கள் வைத்த விசாரணையில் என் கணவர் இதைத்தான் சொல்வதாக இருந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னார். விசாரணைக்கு முதல் நாள் அதே முகத்துவாரத்தில் அவர் படகு கவிழ்ந்தது. அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அவரை அனுப்பினோம்.

3. எங்கள் ஊரில் சாவு விழுந்தால், உடல் சுடுகாடு போகும்வரை படகு இறங்காது, ஒருவரும் ஊரைவிட்டு வெளியே போக மாட்டார்கள். நாலு பேராவது விசாரணைக்குப் போய் வாருங்கள் என்று நானே அழுதுகொண்டு சொன்னேன். சசியை வாசலில் கிடத்திவிட்டு எந்த ஆபீசுக்கும் போக மாட்டோம் என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்கள். துக்க வீடு என்றால் அதிகாரிகளும் பொறுப்பார்கள் என்று நம்பினார்கள். ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை. பிழை எங்களுடையதுதான்.

4. சங்குமேட்டிலிருந்து ஆட்சேபம் இல்லை என்று பதிவாகிவிட்டது. உயர் நீதிமன்றம் போகலாமா என்று வழக்கறிஞர் ஆஸியா பீவி அவர்களைக் கேட்டோம். விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள், ஆகவே தங்களிடமே மனு கொடுக்கச் சொன்னார்.

5. ஐயா, ஊரில் ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. குழாயடியில் வார்டுப் பேச்சு நடந்தால், என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டுச் சாவால் ஊருக்கே வாய் இல்லாமல் போயிற்று என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வரைபடத்தை முடிவு செய்யும் முன் எங்களைக் கேட்க ஒரு நாள் ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஊர் சார்பில் நானே வந்து பேசுகிறேன். தேதியைச் சீக்கிரம் தாருங்கள் ஐயா. அதற்குள் இன்னொரு படகு கவிழ்ந்தால், அன்றும் எங்களால் வர முடியாது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ச. பாரதி
(கையொப்பம்)

இடம்: சங்குமேடு, காரைக்கால்
நாள்: 18.09.2025