நிர்வாகி என்ற இடத்தில் என் பெயர்

2024 நவம்பர் 11, திங்கள்

நான் கடவுச்சொல்லை மறக்கவில்லை. மறந்துவிட்டதாகத்தான் எங்கள் அரவேணு ஊர்க் கடைகளில் பேச்சு என்று பக்கத்து வீட்டு ஜானகி வந்து சொன்னாள். "ஏனுங்கம்மா, அம்மாவுக்கு ஞாபகம் தப்புதுன்னு உங்க பையனே சொன்னாராமா?"

என் கடவுச்சொல்லுக்குக் கணினி திறக்கிறது. ஆனால் எதை மாற்றப் போனாலும் நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்கிறது. தீபாவளிக்கு வந்த என் மகன் தரணி, "அப்டேட் பண்ணித் தரேம்மா" என்றான். நானே திறந்து, நாற்காலியை விட்டு எழுந்து கொடுத்தேன். இப்போது நிர்வாகி அவன். நான் சாதாரணப் பயனர். என் வீட்டில்.

நவம்பர் 13

ஏன் காகிதத்துக்கு வந்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மூன்று வருடமாக என் நாட்குறிப்பு கணினியில்தான். ஞாயிறன்று தரணி கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டான். "இன்னும் அப்பாவுக்கும் சேர்த்துக் காபி ஊத்தி வைக்கறீங்களாம்மா? தனியா இருந்தா இப்படித்தான் ஆகும். முப்பதாம் தேதி வண்டி கொண்டு வரேன், இங்கயே வந்துருங்க. கம்ப்யூட்டரையும் ஏத்திக்கலாம்."

அந்த இரண்டாவது தம்ளரைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. போன வியாழக்கிழமை எழுதினேன், அவ்வளவுதான்.

அங்கிருந்தே கணினிக்குள் வர ஏதோ போட்டிருக்கிறான். எடுக்கப் போனால் — நிர்வாகியின் அனுமதி. இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டேன். படித்தது படித்ததுதானே?

எவ்வளவு படிச்சான்? அவர் ஆஸ்பத்திரில கெடந்ததையுமா? இவன் பொண்டாட்டியப் பத்தி எழுதினதையுமா? கடவுளே.

நவம்பர் 15

குன்னூரில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜாபேஸை வரவழைத்தேன். "ஃபார்மேட் அடிச்சா புத்தம் புதுசாயிருங்கம்மா."

"எழுதினதெல்லாம்?"

"போயிருங்க. பென்டிரைவ்ல எடுத்து வைக்கவும் அட்மினைத்தான் கேக்குது."

பிறகு அவரே பார்த்துச் சொன்னார்: என் கணவரின் கணக்கு இன்னும் நிர்வாகியாகவே இருக்கிறது. தரணி அதைத் தொடவில்லை. மனம் வரவில்லையோ என்னவோ. "ஐயாவோட பாஸ்வேர்டு தெரிஞ்சாப் போதும், உங்களை நீங்களே அட்மின் ஆக்கிக்கலாம்."

தெரியாது. நாற்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் தெரியாது.

நவம்பர் 16

தப்பாக அடித்ததும் அவர் விட்டுவைத்த குறிப்பு கீழே வந்தது: முதல் பைக்காரா.

கல்யாணமான புதிதில் அந்த அருவியைப் பார்க்கப் போனோம். ஏப்ரல் 1976. பைக்காரா என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒட்டி 1976. இல்லை. பெரிய எழுத்தில். இல்லை. மாதத்தோடு, தேதியோடு, என் பெயரோடு. பத்துத் தடவை தப்பானதும் பூட்டிக்கொண்டது. காத்திருந்து, மறுபடி.

நவம்பர் 18

இல்லை.

நவம்பர் 20

சோறு இறங்கவில்லை. இன்னும் பத்து நாள். ஜாபேஸை வந்து அழிக்கச் சொல்லிவிடலாமா? என் கணவரின் கடைசி ஏழு மாதமும் அதில்தான் இருக்கிறது. வேறெங்கும் நான் எழுதவில்லை.

நான் படித்த கான்வென்டில் அழுதால் முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்வார்கள். இன்று மூன்று முறை கழுவினேன்.

நவம்பர் 21

ஜானகி ரசம் கொண்டுவந்தாள். அந்தக் குறிப்பை யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருந்தேன், சொல்லிவிட்டேன். சிரிக்கிறாள்!

"பைக்காரான்னாலே ஐயா எழுபத்தஞ்சுன்னுதானுங்க ஆரம்பிப்பாரு. நீங்க வெடுக்குன்னு, 'கல்யாணமே எழுபத்தாறு பிப்ரவரி'ம்பீங்க. அடுத்த தடவையும் அந்த மனுசன் எழுபத்தஞ்சேதான்."

நான் சொன்னதுதான் சரி. விருந்தினர் முன்னால்கூட அவரைத் திருத்தியிருக்கிறேன். சரி என் பக்கம்தான்.

1975 என்று அடித்தேன். திறந்தது.

ஜானகியை ரசப் பாத்திரத்தோடு உட்கார வைத்துவிட்டு, முகம் கழுவப் போனேன்.

நவம்பர் 22

தரணிக்கு இன்று விரைவு அஞ்சலில் அனுப்பியதன் நகல்:

அன்புள்ள தரணி,

வீட்டுக் கணினிக்கு இனி நான் நிர்வாகி. வெளியிலிருந்து உள்ளே வர நீ போட்டதை எடுத்துவிட்டேன். உன் கணக்கை நீக்கவில்லை. சாதாரணப் பயனர் ஆக்கியிருக்கிறேன். உன் கோப்புகள் எனக்குத் திறக்கும். நான் திறக்கவில்லை.

அப்பாவுக்குக் காபி ஊற்றி வைப்பது உண்மை. மறதியால் அல்ல. ஆறியதும் நானே குடிக்கிறேன்.

முப்பதாம் தேதி வண்டி வேண்டாம். பஸ்ஸில் வா, சாப்பிட்டுப் போ.

என் நாட்குறிப்பை எந்தத் தேதி வரை படித்தாய்? போனில் சொல்லாதே. கையால் எழுதி, கையெழுத்திட்டு, அஞ்சலில் பதில் அனுப்பு.

அம்மா