உன் பெயரில் நான் நீட்டிய விரல்

இன்று காலை உன் ஃபோனுக்குச் செய்தி வந்தது. இன்று கிளினிக், கட்டாயம் வரவும் என்று. உன் கருமாதி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. உன் மகள் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க சித்தி, கொன்னுட்டுக் கூப்பிடுது."

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். எனக்கும் ஆரம்பத்திலிருந்தே அதன் மேல் சந்தேகம். இருதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் கட்டாமலிருக்க உனக்கு மாத்திரை. முன்பெல்லாம் டாக்டர் உன் முகத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். பிறகு விரலில் குத்தி, ஒரு சொட்டு எடுத்து, வந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் எத்தனை மாத்திரை என்று அதுவே சொன்னது.

"ஆளையே பாக்காம சொல்லுதே, நம்பலாமா?" என்றேன்.

"ஒன் புருசனுக்கு அது தேவல புள்ள. கேட்டா பதிலாச்சும் சொல்லுது" என்று சிரித்தாய்.

கொழுந்து நிறைந்து கிடந்த வாரம் அது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. நான் கால் வீக்கத்துக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தேன். "என் கிளினிக் கொப்பியையும் கொண்டு போ. ஒரு சொட்டுத்தானே, நீயே குடுத்துரு" என்றாய். உன் கூடையில் குறைந்தால் என் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போடுவேனே, அப்படித்தான் நினைத்தேன். உன் பெயரைக் கூப்பிட்டதும் விரலை நீட்டினேன்.

புதிதாக வந்த நர்ஸ் மிஸ். "ரத்தம் தடிப்பா இருக்கே, மாத்திர விட்டுட்டீங்களா?"

"இல்ல மிஸ்."

அந்தப் பெட்டி மாத்திரையைக் கூட்டியது. அடுத்த வாரமே வரச் சொன்னார்கள். கொழுந்து குறையட்டும் என்றாய். கூட்டிய மாத்திரையை அப்படியே போட்டு வந்தாய். உன் கையெல்லாம் நீலமாகக் கன்றியது. அப்புறம் தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள்.

இன்று அந்தச் செய்தியை நிறுத்தச் சொல்லத்தான் பஸ் ஏறினேன். வேறொரு மிஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். வாராவாரம் எடுத்த ரத்த நம்பர்களில் நேராக வந்த உன் கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. "இங்கதான். மாத்திரைய ஒழுங்காப் போட்டிருக்க மாட்டாங்க."

ஒரு நாள் தவறவிடாதவள் நீ. மலையிலும் முந்தானையில் முடிந்து வைத்திருப்பாய். லயமே அந்தப் பெட்டியைத் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். உன்னைக் குறை சொன்னபோது முடியவில்லை.

"அது அவ ரத்தம் இல்ல மிஸ். என்னோடது."

வந்து உன் மகளிடமும் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நம் லயத்துக்கு ஒரே குழாய். நாளைக்கும் அவள் வாசலைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். போவேன்.